நான்காம் பக்கம்

மார்லோ ஃபால்ஸ், ஒஹாயோ
11 மார்ச் 1974

அன்புள்ள கர்டிஸ்,

தலைமை அலுவலகத்திலிருந்து எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு நீ அனுப்பிய அறிக்கை இன்று என் மேசைக்கு வந்து சேர்ந்தது. ‘நூலகப் பயன்பாடு: ஓர் ஆய்வு.’ நல்ல காகிதம். அட்டையில் உன் பெயர் இருக்கிறது. என் நூலகத்தை மூடிவிடலாம் என்ற பரிந்துரை கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. அக்காவிடம் நேரில் சொல்லக் கூச்சமான விஷயங்களைக் கடைசிப் பக்கத்தில் வைப்பதுதான் முறை போலும்.

நீ கண்டுபிடித்தது இது: இங்கே நூற்றுச் சொச்சம் விஞ்ஞானிகளும் பொறியாளர்களும் வேலை செய்கிறார்கள். நூலகத்துக்குத் தவறாமல் வருகிறவர் ஒரே ஒருவர். ஒருவருக்காக மூன்று அறைகளும் ஒரு நூலகரும் எதற்கு?

எண்ணிக்கை சரிதான். அந்த ஒருவர் எமில் நொவாட்னி. செவ்வாய்க்கிழமைகளில் வருவார். புதிதாக வந்த சஞ்சிகைகளையெல்லாம் ஜன்னலோரம் நின்றபடியே படிப்பார். உள்ளே உணவு கூடாது என்ற பலகையின் கீழே நின்று ஈரல் சாண்ட்விச் சாப்பிடுவார். பிறகு உணவறைக்குப் போவார். போன வாரம் பொறியாளர் ஒருவர் அங்கே அவரைப் பிடித்துக் கேட்டபோது நான் அடுத்த மேசையில் இருந்தேன்.

“எமில், பூச்சு உரிஞ்சு உரிஞ்சு வருது. என்னய்யா பண்றது?”

“சூட்டைக் குறை. ஸ்வீடன்ல ஒருத்தன் போன வருஷமே உனக்காகத் தலையை உடைச்சுக்கிட்டான்.”

“உனக்கு மட்டும் எப்படித்தான் இதெல்லாம் தோணுதோ!”

தோன்றவில்லை, படித்தார். கேட்டவர் உன் கேள்வித்தாளில் ‘தகவல் கிடைத்த இடம்: சக ஊழியர்’ என்று எழுதியிருப்பார். நூலகம் என்று எழுத அவருக்கு என்ன காரணம்? ஊரில் எல்லார் வீட்டிலும் குழாய் இருக்கிறது, ஏரிக்கரையில் ஓர் ஆளைத்தான் பார்த்தேன், ஏரியைத் தூர்த்துவிடலாம் என்று எழுதியிருக்கிறாய்.

அந்தப் பரிந்துரையைத் திரும்பப் பெற்றுக்கொள். இங்கே புழங்குகிற பொருள்களில் பாதி தீப்பிடிக்கும், மீதி வெடிக்கும். யாராவது ஒருவர் படித்தாக வேண்டும்.

லொரீன்


சிகாகோ
19 மார்ச் 1974

அன்புள்ள அக்கா,

எதிர்பார்த்ததைவிடத் திட்டு குறைவாக இருந்தது. நன்றி.

இது உன்மேல் எனக்குள்ள ஏதோ கோபம் என்று நினைக்காதே. பொறியாளர்களை எனக்குத் தெரியும், நானும் ஒருவன். ஒரு கேள்வி வந்தால் முதலில் சொந்த இழுப்பறையைத் திறப்போம். அதில் இல்லையென்றால் பக்கத்து மேசைக்காரரைக் கேட்போம். அவருக்கும் தெரியாவிட்டால் தொலைபேசி. எழுந்து நடப்பது கடைசி வழி, பெரும்பாலும் அதற்குள் கேள்வியே மறந்துபோகும். இது சோம்பல் இல்லை, இயல்பு. அறிக்கை இயல்பை மதித்திருக்கிறது, அவ்வளவுதான்.

முடிவெடுக்கப்போவது இயக்குநர், நான் அல்ல. உன் கடிதத்தில் இருந்த ஒரு தகவல் அவருக்கு உதவியாக இருந்தது. திரு. நொவாட்னி ஒவ்வொரு வாரமும் ஒரு முழு நாளைப் படிப்பதிலேயே செலவிடுகிறார் என்பது இங்கே யாருக்கும் தெரியாது. தெரிவித்துவிட்டேன். உன் பெயரைச் சொல்லவில்லை.

அன்புடன்,
கர்டிஸ்


மார்லோ ஃபால்ஸ்
2 ஜூலை 1974

கர்டிஸ்,

நேற்று லாரி வந்தது. சஞ்சிகைகளை எடைக்குப் போட்டார்கள். புதிய புத்தகங்களைத் துறைத்தலைவர்கள் பகிர்ந்துகொண்டார்கள். எல்லாருக்கும் அலமாரி காலியாக இருந்தது வசதியாகப் போயிற்று. எமிலுக்கு ஒரு பேனா கொடுத்து ஓய்வு கொடுத்தார்கள். என் கடிதம் இயக்குநருக்கு உதவியதாகச் சொன்னாயே, எமிலுக்கும் உதவிவிட்டது. இதை அவரிடம் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை.

கடைசிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு பெரிய கூடத்தில் நின்றேன். வெண்டல் பிரைஸ் என்று ஓர் இளம் வேதியியலாளர். நல்ல பையன், பெட்டி தூக்க வந்த ஒரே ஆள். உங்கள் புதிய கரைப்பான் கே-நைன் அவன் பொறுப்பில் இருக்கிறது. பக்கத்து மேசையைக் கேட்டான்.

“இதை அலுமினியக் கேன்ல வைக்கலாமா?”

“எமில் ஏதோ சொன்னாரே. வைக்கலாம்னுதான் நெனைக்கிறேன்.” அவர் அடுத்த மேசைக்குத் திரும்பினார். “அலுமினியம் பத்தி எமில் சொன்னாருல்ல?”

“சொல்லியிருப்பாரு.” அவர் தனக்கு அடுத்தவரிடம், “அலுமினியம் பரவாயில்லைன்னு எமில் சொன்னாரா?”

“சொல்லாம இருப்பாரா?”

அந்தக் கடைசி ஆளின் மேசை வெண்டலுக்கு மறுபக்கம் இருக்கிறது. அவர் நாற்காலியைச் சுழற்றிக்கொண்டு சொன்னார்: “தம்பி, தாராளமா வை. எமிலே சொல்லியிருக்காரு.”

வெண்டல் நிம்மதியாகக் குறித்துக்கொண்டான். கேள்வி அறையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பதிலாகத் திரும்பி வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். “எமிலுக்கே போன் பண்ணிக் கேளேன்” என்றேன்.

“ரிட்டையர் ஆன மனுஷனை எதுக்குங்க தொந்தரவு பண்ணணும்?” என்றான்.

ஊர்ப் பொது நூலகத்தில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. சமையல் புத்தகங்களும் துப்பறியும் கதைகளும். அவை இரண்டையும் மக்கள் நேரில் வந்து படிக்கிறார்கள்.

லொரீன்


சிகாகோ
15 ஆகஸ்ட் 1974

அன்புள்ள அக்கா,

உனக்கு வேலை கிடைத்ததில் மகிழ்ச்சி. கோபம் தணிந்ததும் எழுது.

எனக்கும் ஒரு செய்தி. கே-நைன் பெரிய அளவில் உற்பத்திக்குப் போகிறது. டெக்சாஸில், போர்ட் கேடன் ஆலையில். பொறுப்பு என்னுடையது. அங்கே ஒரு பெரிய அலுமினியத் தொட்டி சும்மா நிற்கிறது, அதையே சேமிப்புக்குப் பயன்படுத்தப்போகிறோம். அலுமினியம் ஒத்துவரும் என்று உங்கள் ஆய்வுக்கூடம் எழுதியே அனுப்பியிருக்கிறது.

கர்டிஸ்


மார்லோ ஃபால்ஸ்
8 ஜனவரி 1975

கர்டிஸ்,

வெண்டல் பிரைஸ் இறந்துவிட்டான். கிறிஸ்துமஸுக்கு ஆய்வுக்கூடத்தைப் பூட்டியபோது கே-நைன் நிரம்பிய அலுமினியக் கேன் அவன் மேசைக்கடியில் இருந்தது. விடுமுறை முடிந்து வந்து மூடியைத் திருகினான். மூடியை மட்டும் கூரையில் தேடி எடுத்தார்கள். சவப்பெட்டியைத் திறக்கவே இல்லை.

அடக்கத்தில் எமில் என் பக்கத்தில் நின்றார். கேட்டுவிட்டேன்.

“வைக்கலாம்னு நீங்க சொன்னீங்களா?”

“அலுமினியத்தைக் கழுவறதுக்குன்னு சொன்னேன், லொரீன். கழுவி ஊத்திட்டுப் போற வேலைக்கு. பூட்டி வச்சுட்டுப் பண்டிகை கொண்டாடச் சொல்லலை.”

“இது எங்கேயாவது எழுதியிருக்கா?”

“இதே சரக்கைப் பத்தி, அப்ப இருந்த பேர்ல, பெல்ஜியத்துக்காரன் ஒருத்தன் எழுதியிருக்கான். போருக்கு முந்தி. பச்சை அட்டை. உங்க ரெண்டாவது அறையில, ஜன்னலோரம்.”

அந்த ஜன்னலோரத்தைத்தான் லாரியில் ஏற்றினார்கள்.

சவக்குழிக்கு அந்தப்பக்கம் நின்ற யாரோ பக்கத்தில் நின்றவரிடம் கிசுகிசுத்தது எங்கள் இருவர் காதிலும் விழுந்தது: “எமில் சொன்னாருன்னுதான் வச்சானாம்.” எமில் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

உன் டெக்சாஸ் தொட்டி அலுமினியம். அதில் கே-நைனை நிரப்பாதே.

லொரீன்


சிகாகோ
17 ஜனவரி 1975

அன்புள்ள அக்கா,

வெண்டல் குடும்பத்துக்குக் கம்பெனி சார்பாக மலர்வளையம் அனுப்பினோம். விசாரணையும் முடிந்துவிட்டது. பாதுகாப்புக் கண்ணாடி அணியவில்லை என்பது காரணம். கண்ணாடி அணிந்திருந்தால் கண் பிழைத்திருக்கும் என்று அறிக்கை சொல்கிறது. ஆளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் அது உறுத்துகிறது.

ஆனால் ஓய்வுபெற்ற ஒருவருக்கு ஞாபகமிருக்கும் பச்சை அட்டையைக் காட்டி ஒரு திட்டத்தை நிறுத்தச் சொல்ல முடியாது. யார், எந்தச் சஞ்சிகை, என்ன எழுதினார்? கட்டுரையைக் கொண்டுவந்து காட்டு, நிறுத்துகிறேன். ஏப்ரலில் நிரப்புகிறார்கள்.

கர்டிஸ்


மார்லோ ஃபால்ஸ்
3 மார்ச் 1975

அன்புள்ள கர்டிஸ்,

கிடைத்துவிட்டது.

எமிலுக்குச் சஞ்சிகையின் பெயரோ எழுதியவர் பெயரோ நினைவில்லை. அட்டையின் நிறத்தை வைத்து எந்த நூலகத்திலும் தேட முடியாது. சனிக்கிழமைதோறும் பேருந்தில் கொலம்பஸ் போனேன். அங்கே பல்கலைக்கழக நூலகத்தில் கட்டுரைச் சுருக்கங்களின் பழைய தொகுதிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒரு தலையணை. அலுமினியம் என்ற தலைப்பில் பார்த்தேன். இல்லை. கரைப்பான், உலோக அரிப்பு, விபத்து. எதிலும் இல்லை. பிறகு எமில் படுக்கையில் இருந்தபடி, “அவன் பம்பு செய்யறவன்ல?” என்றார். பம்பு என்ற தலைப்பில் இருந்தது. அந்தப் பெல்ஜியக்காரருக்குப் பம்பு பழுதானதுதான் கவலை. ஏன் பழுதானது என்பதைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறார்.

மினசோட்டாவில் ஒரு நூலகம் அந்த ஆண்டின் இதழ்களை வைத்திருந்தது. நகல் அனுப்பினார்கள். கட்டுரை பிரெஞ்சில் இருக்கிறது. எமில் பிரெஞ்சு கற்றது ராணுவத்தில். ஒயினுக்கும் அரிப்புக்கும் போதும் என்கிறார். அவருக்கு நுரையீரல் சரியில்லை. நான்கு வரி ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு மூச்சு வாங்குவார், நான் எழுதிக்கொள்வேன், வீட்டுக்கு வந்து தட்டச்சு செய்வேன். ஐந்து பக்கம் வந்தது. இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

உன் பக்கத்து மேசைக்காரரைக் கேட்காதே. நீ படி.

லொரீன்


சிகாகோ
24 மார்ச் 1975

அன்புள்ள அக்கா,

கட்டுரை வந்தது. உன் உழைப்பைப் பார்த்து மலைத்துப்போனேன்.

முறைப்படி சுற்றுக்கு விட்டேன். முகப்பில் ஒரு சீட்டு இணைத்து, அதில் ஆறு பெயர்கள். ஒவ்வொருவரும் படித்து, தன் பெயருக்கு நேரே சுருக்கொப்பம் போட்டு, அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். இரண்டே வாரத்தில் ஆறு ஒப்பங்களோடு திரும்பிவிட்டது. இங்கே இது சாதனை. தலைமைப் பொறியாளர் ஓரத்தில் ‘மிகவும் பயனுள்ளது’ என்றுகூட எழுதியிருக்கிறார். யாரும் ஆட்சேபம் எழுப்பவில்லை. இவர்கள் அனுபவசாலிகள். ஆபத்து இருந்தால் ஒருவர் கண்ணிலாவது பட்டிருக்கும்.

ஏப்ரல் முதல் வாரம் நிரப்புகிறோம். நீ இனி நிம்மதியாகத் தூங்கலாம்.

கர்டிஸ்


மார்லோ ஃபால்ஸ்
28 மார்ச் 1975

கர்டிஸ்,

உன் கடிதம் வந்தபோது தட்டச்சுப் பொறியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அடியில் ஒரு தாள் கிடந்தது. நான்காம் பக்கம். அனுப்ப மறந்திருக்கிறேன். என் தவறு.

உங்கள் ஆறு பேருக்கும் போனது ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து. மூன்றாம் பக்கம் பாதி வாக்கியத்தில் முடிகிறது. ஐந்தாம் பக்கம் வேறொரு வாக்கியத்தின் நடுவில் தொடங்குகிறது. நான்காம் பக்கம் எங்கே என்று இதுவரை யாரும் எனக்கு எழுதவில்லை.

உன் அலுவலகத்துக்குப் போன் போட்டேன், நீ ஊரில் இல்லை என்றார்கள். இதோ இணைத்திருக்கிறேன். இரண்டாவது பத்தியை மட்டும் இங்கேயும் எழுதுகிறேன், உறை தொலைந்தாலும் தொலையும் என்பதால் மறுபிரதியைத் தனியாகவும் அனுப்புகிறேன்:

‘முதல் பன்னிரண்டு நாள்கள் திரவம் அமைதியாக இருந்தது. அந்த அமைதி எங்களை ஏமாற்றியது. பதின்மூன்றாம் நாள் தானாகச் சூடேறத் தொடங்கியது. அதன்பின் அதை நிறுத்த எங்களுக்கு வழி தெரியவில்லை. பம்பை நாங்கள் இழந்தோம். அதைக் கவனித்துக்கொண்டிருந்த இருவரையும்.’

லொரீன்


சிகாகோ
20 ஏப்ரல் 1975

அன்புள்ள அக்கா,

உன் உறை என்னைத் தேடிக்கொண்டு டெக்சாஸ் வந்தது. தொட்டி நிரம்பி நான்கு நாள் ஆகியிருந்தது.

சிகாகோவுக்குப் போன் போட்டுத் தலைமைப் பொறியாளரைப் பிடித்தேன்.

“அந்தக் கட்டுரையில நாலாம் பக்கம் என்ன சொல்லுது?”

“ஏன், ஹால்வர்சன் படிச்சிருப்பானே. அவனைக் கேளு.”

சீட்டில் ஒப்பம் போட்ட ஆறு பேரில் ஒருவரான ஹால்வர்சனைக் கேட்டேன். “தலைமை படிச்சுட்டுத்தானே ‘பயனுள்ளது’ன்னு எழுதினாரு? அதைப் பாத்துத்தான் நான் போட்டேன். நீயும்தானே போட்டிருக்கே?”

ஆமாம். ஆறாவது ஒப்பம் என்னுடையது.

யாரிடமும் அனுமதி கேட்காமல் தொட்டியைக் காலி செய்யச் சொன்னேன். முழுவதையும் எரித்தோம். உற்பத்தி நின்றது. சிகாகோவில் என்னை உட்காரவைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: “தொட்டிக்கு என்ன ஆச்சு?” ஒன்றும் ஆகவில்லை என்றேன். “அப்புறம் எதுக்குக் காலி பண்ணினே?” நான்காம் பக்கத்தைக் கொடுத்தேன். தலைமைப் பொறியாளர் வாங்கி, அதில் எங்கே ஒப்பம் போடுவது என்று தேடினார்.

வெடித்திருந்தால் நான் சொன்னது சரி என்று ஆகியிருக்கும். வெடிக்கவில்லை, அதனால் வேலை போயிற்று. மேசையைக் காலி செய்துகொண்டிருக்கிறேன். இழுப்பறையில் ஒன்றுமே இல்லை அக்கா. இத்தனை வருடம் எதைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை.

கர்டிஸ்


மார்லோ ஃபால்ஸ்
26 மே 1975

அன்புள்ள கர்டிஸ்,

எமில் போய்விட்டார். கடைசியாகப் பார்த்தபோது, நீ தொட்டியைக் காலி செய்ததைச் சொன்னேன். “நம்ம பெல்ஜியத்துக்காரனுக்கு ஒரு வாசகன் கிடைச்சுட்டான்” என்றார். அவருடைய ஓய்வுக்கு என் கடிதம்தான் காரணம் என்பதையும் அன்று சொன்னேன். கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, சாண்ட்விச் விஷயத்தை எழுதியிருக்க வேண்டாம் என்றார்.

அடக்கத்துக்கு ஆய்வுக்கூடமே வந்திருந்தது. நூலகத்தில் ஒருநாளும் இவ்வளவு கூட்டத்தைப் பார்த்ததில்லை. காப்பி குடிக்கும்போது பேச்சு என் காதில் விழுந்தது. சொல்லப் பிடிக்கவில்லை, ஆனால் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

“டெக்சாஸ்ல மறுபடி ஆரம்பிக்கறாங்களாமே? அதே தொட்டியா?”

“அதேதான். போன தடவை நாலு நாள் நின்னுச்சே, ஒண்ணுமே ஆகலையே.”

“யாரு சொன்னா?”

“கர்டிஸ்தான். அவன்தான் பொறுப்புல இருந்தான். தொட்டிக்கு ஒண்ணும் ஆகலைன்னு அவனே சிகாகோவுல வாயால சொல்லியிருக்கான்.”

“அப்ப சரி.”

குறுக்கே போய், பன்னிரண்டு நாள் அமைதியாகத்தான் இருக்கும் என்று அந்தக் கட்டுரையில் எழுதியிருக்கிறது என்றேன். மரியாதையாகக் கேட்டார்கள். ஒருவர் எனக்கு நாற்காலி போட்டார். பிறகு வானிலையைப் பற்றிப் பேசினார்கள்.

இப்போது அவர்கள் எமிலைச் சொல்வதில்லை. உன்னைச் சொல்கிறார்கள்.

லொரீன்


போர்ட் கேடன், டெக்சாஸ்
11 ஜூன் 1975

அன்புள்ள அக்கா,

ஆலை வாசலிலிருந்து எழுதுகிறேன். உள்ளே விடமாட்டார்கள். பொதுச் சாலையில் நிற்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. தொட்டி இங்கிருந்து நன்றாகவே தெரிகிறது.

நேற்று முன்தினம் நிரப்பிவிட்டார்கள். சிகாகோவுக்கு எழுதினேன், பதில் இல்லை. மாநிலத் தொழிற்சாலை ஆய்வாளரைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர், அங்கேயே கம்பெனிக்குப் போன் செய்து கேட்டார். முன்பே நிரப்பிப் பார்த்தாயிற்று, பாதுகாப்பானது என்று சொன்னார்களாம். யார் பார்த்தது என்று கேட்டேன். போனில் கேட்டுக் குறித்த காகிதத்தைப் பார்த்து என் பெயரையே படித்தார்.

அதனால் ஷிப்டு மாறும்போது ஐந்து பக்கங்களையும் வாசலில் நின்று உரக்கப் படிக்கிறேன். சாப்பாட்டுப் பெட்டியும் கையுமாகக் கடந்து போகிறார்கள். வால்வைப் பார்த்துக்கொள்ளும் ஃபோர்மன் இன்று ஒரு நிமிடம் நின்றார்.

“யாருங்க இதெல்லாம் சொன்னது?”

“ஒரு பெல்ஜியக்காரர். ஒஹாயோவில எமில்னு ஒருத்தர்.”

“அவரோட பேச முடியுமா?”

“இறந்துட்டார்.”

“அப்ப நீங்க?”

“என்னை வேலையை விட்டு எடுத்துட்டாங்க.”

அவர் சிரித்துவிட்டார். கேலி இல்லை, பாவமாகத்தான் சிரித்தார். “செத்தவரு ஒருத்தரு, வேலை போனவரு ஒருத்தரு. உள்ளே ஆறு பேரு கையெழுத்துப் போட்டிருக்காங்க, சார். வீட்டுக்குப் போங்க.”

அவருக்குப் பின்னால் குழாய்களுக்குப் பூச்சு அடிக்கிற ஒருவர் நின்றுகொண்டிருந்தார். எவரார்டோ என்று பெயர். அவர் ஒன்றும் கேட்கவில்லை. தாள்களை என் கையிலிருந்து வாங்கி, ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். ஐந்தும் இருப்பதை உறுதி செய்துகொண்டு திருப்பிக் கொடுத்தார். ஆங்கிலம் படிக்க வராது என்று கைகாட்டினார். தொட்டியைக் காட்டினார், பிறகு தன்னைக் காட்டினார். அவருடைய வேலையே தொட்டிக்கு அடியில்தான்.

ஸ்பானிஷில் வேண்டும், அக்கா. இந்த ஊரே கம்பெனியை நம்பிப் பிழைக்கிறது, எழுதித் தர இங்கே யாரும் துணியவில்லை. உங்கள் ஊரில் பள்ளி ஆசிரியர் யாராவது இருப்பார்கள். இந்தக் கடிதம் உனக்குக் கிடைக்கும்போது ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ ஆகியிருக்கும். மொழிபெயர்க்க இரண்டு நாள், திரும்பி வரத் தபாலுக்கு மூன்று. பெல்ஜியக்காரர் சரியாக எண்ணியிருந்தால் ஒரு நாள் மிச்சம் இருக்கும். முதலில் நான்காம் பக்கத்தை அனுப்பு.

கர்டிஸ்